சம்பந்தியிடம் விரல் நீட்டுவது எப்படி

ஜூலை 6, ஞாயிறு

என் மகள் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். முப்பத்திரண்டு வருடம் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் டிரில் மாஸ்டராக இருந்து, ஒரு விசிலில் ஐந்நூறு பிள்ளைகளை நிமிர்ந்து நிற்க வைத்த நாச்சிமுத்து வாத்தியார் நான். இந்த அறுபத்தொரு வயதில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

எல்லாம் பேத்திக்காக. பெயர் மிருதுளா. எட்டு மாதம். நாங்கள் கூப்பிடுவது அம்முணி. மேகலாவுக்கு லீவு முடிகிறது, ஆகஸ்ட் நாலாம் தேதி ஆபீஸ் போக வேண்டும். மாப்பிள்ளை பூபதிக்கும் வேலை. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். என் மனைவி சரோஜினி மருமகளின் பிரசவ வேலைக்காக மஸ்கட் போயிருக்கிறாள், தை மாதம்தான் வருவாள். ஆகவே நான் என்று முடிவு செய்து, பெட்டிகூடக் கட்டிவிட்டேன். அப்போதுதான் மேகலா குண்டைப் போட்டாள்.

"கிளினிக் மாடியில கைக்குழந்தைக்கு முதலுதவி சொல்லித் தர்றாங்கப்பா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம. அந்த சிஸ்டர் பாஸுன்னு சொன்னாத்தான் அம்முணிய உங்ககிட்ட உடுவேன்."

"எத்தன பசங்களுக்கு முட்டியில மருந்து போட்டவன் நானு, தெரியுமா?"

"அம்முணி இன்னும் நடக்கவே இல்ல, முட்டிய எங்க பேத்துக்குவா? மூச்சு அடைச்சா என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க பாக்கலாம்?"

தெரியாமல் இல்லை. மகளிடம் பரீட்சை எழுத எனக்கு இஷ்டமில்லை.

கோவை கணபதியில் அந்த கிளினிக். மாடி ஏறிப் போனால் முதல் வரிசையில், மடித்த வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, சம்பந்தி! மாப்பிள்ளையின் அப்பா சென்னியப்பன். பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருந்தவர், இப்போது ஓய்வு. அவரிடமும் இதே வார்த்தைகளைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என் மகள். அவள் வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சின்ன அறை. யார் பாஸோ அவருக்கு அறை.

"வாங்க சம்பந்தி, இங்க உக்காருங்க" என்று எழுந்தார்.

"ஐயோ, நீங்க மொதல்ல உக்காருங்க."

"அதெப்புடிங்க, நீங்க நிக்கையில?"

பெண்ணைக் கொடுத்தவன் நான். மாப்பிள்ளையின் அப்பா உட்காராமல் நான் உட்கார்ந்தால் எங்கள் பக்கத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அவரோ மரியாதையில் என்னை மிஞ்சியவர். இருவரும் நின்றுகொண்டே இருந்தோம். வகுப்பு எடுக்கும் சிஸ்டர் ஜெஸிந்தா, "ரெண்டு பேரும் ஒரே சமயத்துல உக்காருங்க. ரெடி, ஒன், டூ, த்ரீ" என்றார். உட்கார்ந்தோம். கைக்குழந்தையோடு வந்திருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள்.

எனக்கொன்றும் கவலையில்லை. அறை கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. வரும் வழியில் தொட்டில் கொக்கி ஒன்று வாங்கினேன். எதற்கும் இருக்கட்டும்.

ஜூலை 7, திங்கள்

சரோஜினி மஸ்கட்டிலிருந்து வீடியோவில் வந்தாள். சம்பந்தியும் வகுப்புக்கு வருவதைச் சொன்னேன். திரையில் முகம் தெரியாத அளவுக்குக் குலுங்கிச் சிரித்தாள். போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று பொம்மை வந்தது. நிஜக் குழந்தை அளவு. மொட்டைத் தலை, வாய் பிளந்திருக்கும், மார்பை அழுத்தினால் உள்ளே டக்கென்று சத்தம் கேட்கும். சிஸ்டர் அதை மேசைமேல் வைத்ததும் சம்பந்தி முகம் சுண்டிப் போனது.

"இப்புடி வெறும் மொகமா வெச்சிருந்தா கண்ணு பட்டுருமுங்க" என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பொம்மையின் கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த நிமிடம் ஒரு பெண் தன் குழந்தையின் தொப்பியை எடுத்துப் பொம்மைக்குப் போட்டாள். இன்னொருத்தி பேர் என்ன என்றாள். பேர் வைத்தார்கள், பாப்பாத்தி. அதற்குப் பிறகு ஒருவருக்கும் பாப்பாத்தியின் மார்பை அழுத்த மனசு வரவில்லை! தடவிக் கொடுக்கிறார்கள். சிஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"கொஞ்சுறதுக்கு வீட்டுல ஒண்ணு இருக்குல்ல? இத அமுக்குங்க! மார்போட ஆழத்துல மூணுல ஒரு பங்கு உள்ள போகணும். பயந்து பயந்து தொட்டா ரத்தம் ஓடாது."

நான் அழுத்தினேன். டக், டக், டக். "சூப்பர் ஐயா" என்றார் சிஸ்டர். இதை இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்கிறேன்.

பிறகு சம்பந்தி. தேங்காய் மூட்டை தூக்கிய கைகள், ஒவ்வொன்றும் முறம் அகலம். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் சிஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு கைகளாலும் குழந்தையின் மார்பைச் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டை விரல்களை நடுவில் வைத்து அழுத்தச் சொன்னார். அந்தக் கைகள் பாப்பாத்தியை முழுசாகச் சுற்றி வளைத்துவிட்டன. "இதுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச கை!" என்றார் சிஸ்டர். கை பெரிதாக இருப்பதெல்லாம் ஒரு திறமையா?

பிறகு தொண்டையில் அடைத்துக்கொள்வது பற்றி. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். இருமினால் இருமட்டும், அது நல்லது. சத்தமே வராவிட்டால்தான் ஆபத்து. அப்போது முன்னங்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை கீழே சரிய, தாடையைப் பிடித்துக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். வராவிட்டால் திருப்பி, மார்பில் ஐந்து முறை அழுத்த வேண்டும். வரும்வரை மாற்றி மாற்றி.

"நிலக்கடலை, பொட்டுக்கடலை, திராட்சை, தேங்காச் சில்லு. கைக்குழந்தை இருக்கற வீட்டுல இதெல்லாம் தரையில கிடக்கவே கூடாது" என்றார் சிஸ்டர். அப்போது நான் வறுத்த கடலை மென்றுகொண்டிருந்தேன். டிரில் மாஸ்டர் காலத்திலிருந்து என் சட்டைப் பையில் கடலை இல்லாத நாள் கிடையாது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்ன குழந்தைக்கா கொடுத்தேன்?

ஜூலை 15, செவ்வாய்

வீட்டில் தலையணையை வைத்துப் பழகினேன். குழந்தைக்கு வாயையும் மூக்கையும் சேர்த்து நம் வாயால் மூடி, கன்னத்தில் இருக்கும் காற்றை மட்டும் மெதுவாக ஊத வேண்டும். நான் மும்முரமாக ஊதிக்கொண்டிருக்கும்போது பால்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. பாலை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

தோற்றேன். எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இன்றைய பாடம் ஆள் கூப்பிடுவது. சிஸ்டர் சொன்னார்: "ஆபத்துன்னா எல்லாரும் என்ன கத்துவோம்? யாராவது வாங்க, யாராவது போன் பண்ணுங்கன்னு. யாராவதுன்னா யாரும் வர மாட்டாங்க. எல்லாரும் அடுத்தவன் பண்ணுவான்னு நிப்பாங்க. ஒரு ஆளைப் பாருங்க. விரலை நீட்டுங்க. நீ, 108க்குப் போன் பண்ணுன்னு உத்தரவு போடுங்க. ஒரே மூச்சுல."

இது எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஐந்நூறு பேருக்கு உத்தரவு போட்டவன். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினேன். பாப்பாத்தியைக் கையில் வாங்கினேன். எனக்கு ஜோடியாக யாரை நிறுத்தினார் சிஸ்டர்? சம்பந்தியை.

விரல் எழவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து விரல் நீட்டுவதா? கல்யாணத்தில் அவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் நான். வாயைத் திறந்தேன். என்ன வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பின்னால் இருந்த பெண் செல்போனில் பிடித்து வைத்திருந்தாள், கேட்டுவிட்டு அப்படியே எழுதுகிறேன்:

"ஏனுங்க சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க, உங்களுக்குச் சிரமமா இல்லைன்னா சித்தெ அந்த 108க்கு ஒரு போன் போட முடியுமுங்களா?"

அதற்கு அவர் கையைக் கூப்பி, "அய்யோ, இதுல சிரமம் என்னுங்க இருக்குது? நீங்க சொல்லோணுமா? இதோ போடறனுங்க. நீங்க டீ குடிச்சீங்களா?" என்றார்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் மரியாதை பண்ணி முடிக்கறதுக்குள்ள பாப்பாத்தி போய்ட்டா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவருக்கும். பிறகு மாற்றி நிறுத்தினார். சம்பந்தி பாப்பாத்தியோடு நின்று என்னைப் பார்த்தார், விரலைப் பாதி நீட்டினார், அதையே மடக்கிக் கும்பிட்டுவிட்டார். இரண்டு பேரும் பெயில். ஆகஸ்ட் மூன்றாம் தேதி கடைசித் தேர்வு. அதிலும் இப்படி நின்றால் அறை யாருக்கும் இல்லை, அம்முணி குழந்தைகள் காப்பகத்துக்குப் போவாள் என்று மேகலா சொல்லிவிட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

கண்ணாடி முன் நின்று விரல் நீட்டிப் பழகினேன். "நீ! போன் பண்ணு!" கண்ணாடியில் இருப்பவன் நன்றாகவே பயந்தான். கண்ணாடியில் சம்பந்தியின் போட்டோவை ஒட்டிப் பார்த்தேன். கை தானாகக் கூப்பிக்கொண்டது.

ஜூலை 26, சனி

மேகலா ஒரு வாரம் வெள்ளோட்டம் வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் அவள் வீட்டுக்கு வந்து தங்க வேண்டும், யார் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்று பார்ப்பாளாம். அந்தச் சின்ன அறையில் எனக்குக் கட்டில், அவருக்குக் கட்டில், நடுவில் காலை வைக்க இடமில்லை. யார் ஜன்னல் பக்கம் படுப்பது என்று "நீங்க, நீங்க" என்று அரை மணி நேரம்.

அம்முணி இரண்டு பேரையும் பார்த்து "அப்... அப்" என்றாள். தாய்வழித் தாத்தாவை எங்கள் பக்கம் அப்பிச்சி என்போம், தகப்பன்வழியை அப்பாரு. அது யாரென்று இருவருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

சாப்பிடும்போது சம்பந்தி மூன்றாவது தடவை சோறு வாங்கினார். "நல்லாப் பசிக்குதுங்க இங்க" என்றார். அவர் மனைவி போய் நாலு வருடம் ஆகிறது. "அங்க காலைல எந்திரிச்ச உடனே டிவியப் போட்டு உட்டுருவனுங்க. பாக்கறதெல்லாம் இல்லீங்க. வூட்டுல பேச்சுச் சத்தம் கேக்கோணுமில்லீங்களா" என்றார்.

பார்க்காமல் டிவியை ஓட விட்டால் அது கெட்டுப் போகாதா? என் தட்டில் இருந்த அப்பளத்தை அவர் தட்டில் வைத்தேன். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது, வேறொன்றும் இல்லை.

ஜூலை 28, திங்கள்

அவர் காலையில் மாடிப்படி இறங்கி, கேட்டைப் பார்த்து, பிளாக் நம்பரைப் பார்த்து, எதையோ முணுமுணுத்துக்கொண்டே ஏறி வருகிறார். மறுபடியும் இறங்குகிறார். வயதாகிவிட்டது பாவம். அம்முணி என் மடியில்தான் தூங்கினாள். ஒன்றுக்குப் பூஜ்யம்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று எழுத முடியவில்லை. அம்முணி நன்றாக இருக்கிறாள்.

ஜூலை 30, புதன்

இப்போதுதான் பேனாவை எடுக்க முடிந்தது. எழுதுகிறேன்.

நேற்றுக் காலை மேகலா எங்களை நம்பிக் குழந்தையை விட்டுவிட்டு பேங்க் வரை போனாள். சம்பந்தி சமையலறையில் அம்முணிக்கு ராகிக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் பாயில் உட்கார்ந்து அவளுக்குக் குனிந்து நிமிரும் பயிற்சி செய்து காட்டினேன். நான் குனியும் ஒவ்வொரு தடவையும் கெக்கெக்கே என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் வேகமாகக் குனிந்தேன். இருபது தடவை இருக்கும். பிறகு மூச்சு வாங்கித் தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். செம்பு வாயில் இருக்கும்போதே சிரிப்பு நின்றது.

திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்திருக்கிறது. அழ வேண்டிய முகம். ஆனால் சத்தம் இல்லை. இருமலும் இல்லை. உதடு நிறம் மாறுகிறது.

என் கை எப்படி அவளைத் தூக்கியது என்று எனக்கு நினைவில்லை. முன்னங்கையில் குப்புறக் கிடந்தாள், தலை கீழே, என் தொடைமேல். தட்டினேன். சமையலறை வாசலில் சம்பந்தி கரண்டியோடு நின்றார். கூழ் தரையில் சொட்டுகிறது. அந்தப் பெரிய உடம்பு அசையவில்லை.

நான் விரலை நீட்டினேன்.

"டேய்! என்னடா பாத்துட்டு நிக்கற? போனை எடுடா! 108 போடுடா!"

அப்படித்தான் கத்தினேன். தெருமுனை வரை கேட்டிருக்கும். கரண்டி விழுந்தது. அவர் போனை எடுத்தார். பேசினார் பாருங்கள்! பிளாக், மாடி, எந்த கேட் வழியாக வர வேண்டும், எந்த கேட் பூட்டியிருக்கும், குழந்தைக்கு எட்டு மாதம், தொண்டையில் அடைப்பு, மூச்சு இல்லை. தங்குதடையில்லாமல். மூன்று நாளாக இறங்கி ஏறி முணுமுணுத்தது இதைத்தான். எனக்கு அந்த வீட்டின் கதவு எண்கூடத் தெரியாது.

மூன்றாவது தட்டு. நாலாவது தட்டு. ஏதோ தெறித்துத் தரையில் விழுந்தது. அம்முணி மூச்சை இழுத்தாள், அப்புறம் வீலென்று ஓர் அழுகை. பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் கேட்ட அழுகைகூட இவ்வளவு இனிக்கவில்லை. அவள் அழுதாள், நான் அழுதேன், சம்பந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்து, யாருக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

டாக்டர் பார்த்துவிட்டார். நுரையீரலில் ஒன்றுமில்லை. மாலையில் அம்முணி டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்து விளையாடினாள்.

வெளியே விழுந்தது என்ன என்று நான் பார்க்கவில்லை. சம்பந்தி குனிந்து எடுத்து வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார். மேகலா வந்து, என்ன விழுங்கினாள் என்று கேட்டபோது அவர்தான் சொன்னார்: "தேங்காச் சில்லு, கண்ணு. நாந்தான் கீழ போட்டுருப்பேன். என்ற தப்புதான்."

ஜூலை 31, வியாழன்

ஜெயித்துவிட்டேன். மேகலா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். மாமா நல்லவர்தான், ஆனால் கவனம் போதாது, நீங்களே இருங்கள் அப்பா. தேர்வு வெறும் சம்பிரதாயம்தானாம்.

சரோஜினிக்குப் போன் செய்து சொன்னேன். "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்குது?" என்றாள். சளி என்றேன்.

அந்தச் சட்டையைத் துவைத்தேன். பையை வெளியே திருப்பிப் போட்டுத் துவைத்தேன். காய்ந்ததை எடுத்து வந்து மறுபடியும் துவைத்தேன்.

மாலையில் சம்பந்தி பை கட்டிக்கொண்டிருந்தார். தேர்வு எழுதிவிட்டு ஞாயிறு மாலை பொள்ளாச்சி பஸ் பிடிப்பாராம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"சம்பந்தி, அன்னிக்கு நான் வாய்க்கு வந்தபடி... டேய்னு... மன்னிக்கோணும்."

அவர் ஒரு வேட்டியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"எங்க அண்ணன் ஒருத்தருதானுங்க என்னை டேய்னு கூப்புடுவாரு. அவரு போயி ஆறு வருசமாச்சு. இப்ப ஊருல அத்தன பேருக்கும் நான் ஐயா. அன்னிக்கு நீங்க கத்துன உடனே, அத்தன பயத்துலயும் எனக்கு என்ன தோணுச்சுன்னா, அட, நம்மளக் கூப்புட ஒரு ஆளு இருக்குதேன்னு."

அவர் வேட்டி மடிப்பில் கைவிட்டு ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்து மூடினார்.

"இதத் தூக்கி எறிஞ்சுருங்க. பாப்பாவக் காப்பாத்துனது நீங்க. காப்பாத்துனவருதான் பக்கத்துல இருக்கோணும்."

பொட்டலத்தைப் பிரிக்காமலே எனக்குத் தெரியும். அதில் இருந்தது பாதி நிலக்கடலை. வறுத்தது. குனிந்து குனிந்து வேடிக்கை காட்டியபோது என் பையிலிருந்து விழுந்தது. அது செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். பார்க்கவில்லை என்று நேற்று எழுதியது பொய்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலை ஆறு மணிக்கு மேகலாவின் முன்னால் பொட்டலத்தை வைத்தேன்.

"தேங்காயில்ல, கண்ணு. கடலை. என்ற பையில இருந்து விழுந்தது."

அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் கத்தினாள் பாருங்கள்! நான் பள்ளிக்கூடத்தில் கத்தியதெல்லாம் ஒன்றுமில்லை. சிஸ்டர் படித்துப் படித்துச் சொன்னாரே, பையில் கடலையா, அதுவும் குழந்தைக்குமேல் குனிந்துகொண்டா, நீங்கள் எல்லாம் ஒரு வாத்தியாரா என்று. நான் நிமிர்ந்து நின்று கேட்டேன். எல்லாம் வாங்க வேண்டியதுதான். சத்தம் கேட்டுச் சம்பந்தி ஓடி வந்தார். அவரையும் விடவில்லை. "மாமா, நீங்க எதுக்குப் பொய் சொன்னீங்க? டாக்டர்கிட்ட என்ன முழுங்குனான்னு சரியாச் சொல்லோணுமா இல்லையா?" மாப்பிள்ளையின் அப்பா, அவர் ஊரில் யாரும் எதிர்த்துப் பேசாத மனிதர், என் பக்கத்தில் வந்து தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் நின்றார். இரண்டு பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறி நிற்கிற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். பக்கத்தில் அவர் தோள் குலுங்கியது. அவரும் அடக்குகிறார்.

"சிரிக்காதீங்க!" என்றாள் மேகலா. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், சிரித்துக்கொண்டே உட்கார்ந்து அழுதாள்.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். ஒரு ஆளை நம்பிக் குழந்தையை விட முடியாது. தட்ட ஒருவர், போன் போட ஒருவர் வேண்டும். ஒருவரை ஒருவர் கண்காணிக்கவும் வேண்டும். இரண்டு பேரும் இருங்கள், அதே அறையில். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பாஸாக வேண்டும். ஒருவர் பெயிலானாலும் காப்பகம்தான்.

சம்பந்தி பையைத் திறந்து வேட்டிகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினார். விசிலடித்துக்கொண்டே. அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்று எனக்கு இத்தனை நாளாகத் தெரியாது. சுருதி சேரவில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பெண்கள் எல்லாம் புதுச் சேலையில் வந்திருந்தார்கள். பாப்பாத்திக்குக்கூட யாரோ மஞ்சள் கயிறு கட்டிவிட்டிருந்தார்கள்.

என் முறை. சிஸ்டர் பாப்பாத்தியை மேசைமேல் போட்டார். "குழந்தை அசையல. மூச்சு இல்ல. என்ன செய்வீங்க?"

உள்ளங்காலைத் தட்டிப் பார்த்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பினேன். சம்பந்தி ஜோடியாக நின்றார். வகுப்பு முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது, டீ குடிச்சீங்களா வரும் என்று. ஒரு பெண் செல்போனைத் தயாராக வைத்திருந்தாள்.

அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

நான் விரலை நீட்டினேன். "டேய் சென்னியப்பா! 108க்குப் போனைப் போடுடா!"

வகுப்பு அப்படியே உறைந்தது. மேகலா கதவோரம் நின்றிருந்தாள், கையிலிருந்த அம்முணியை நழுவ விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தியை டேய் என்கிறானே!

"போட்டாச்சுடா நாச்சிமுத்து!" என்று அவர் கட்டிடமே அதிரக் கத்தினார். "நீ அமுக்கறத நிறுத்தாத!"

டக், டக், டக். நான் ஓய்ந்ததும் அவர் வாங்கிக்கொண்டார், அந்தப் பெரிய கைகளால். நான் ஊதினேன். பாப்பாத்தியின் மார்பு ஏறி இறங்கியது. யாரோ கைதட்டினார்கள், அப்புறம் எல்லாரும். சிஸ்டர் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பேனாவில் பாஸ் போட்டார். அம்முணி தன் பங்குக்கு "அப்... அப்" என்றாள். யாரும் சண்டைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மேகலா வேலைக்குப் போனாள். மூன்று தடவை மாடிப்படியிலிருந்து திரும்பி வந்தாள். நாலாவது தடவை நாங்களே கதவைச் சாத்திவிட்டோம்.

அம்முணி பாயில் கையை நீட்டிக்கொண்டு, தூக்கச் சொல்லிக் காத்திருந்தாள். நான் குனியப் போனேன். சென்னியப்பன் குறுக்கே வந்து நின்றான்.

"கையத் தூக்குடா."

தூக்கினேன். என் சட்டைப் பைக்குள் கையை விட்டான், ஓரம் வரை துழாவினான், வெளியே இழுத்து உதறினான். ஒன்றுமில்லை. பையை ஒழுங்காக மடித்து உள்ளே தள்ளி, மேலே ஒரு தட்டுத் தட்டினான்.

"ம், இப்பத் தூக்கு" என்றான்.